திட்டு வாங்கியும் பந்து கேட்டவள்

அன்பு மகள் ஹேவொனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம். அந்த ஸ்வீடன் குளிரில் நீயும் உன் முழங்காலும் சுகமா என்பதுதான் எங்கள் நினைப்பெல்லாம். திரும்பி வரட்டுமா வேண்டாமா, நீயே முடிவு பண்ணிச் சொல்லும்மா என்று போனில் கேட்டாய். போனில் பேசினால் எனக்கு அழுகைதான் வரும், அதனால் எழுதுகிறேன்.

போன வியாழக்கிழமை கோச் பாங் வீட்டுக்கு வந்திருந்தார். உன்னைப் பள்ளியில் கால்பந்து ஆட வைத்தவர், இப்போது இங்கே கொரிய மகளிர் லீக்கில் ஒரு அணிக்குக் கோச். ஆக்டோபஸ் சோறு செய்தேன், இரண்டு கிண்ணம் சாப்பிட்டார். அங்க கடைசி இருபது நிமிஷத்துக்குத்தானே இறக்கி விடுறாங்க, இங்க வந்தா நடுக்களத்துல முழு ஆட்டமும் அவதான், மாசக் கடைசிக்குள்ள சொல்லுங்கம்மா என்றார். பொய் சொல்வானேன், எனக்கு மனசெல்லாம் குளிர்ந்துவிட்டது. அவளைக் கேட்டுச் சொல்றோம் என்று வாய் சொன்னாலும் மறுநாள் காலையிலேயே உன் மெத்தையை மாடியில் வெயிலுக்குப் போட்டுவிட்டேன்.

அன்று மதியம் பஸ் டூட்டி முடிந்து வந்த அப்பா சட்டைகூட மாற்றாமல் டிவியில் உன் போன ஆட்டத்தைப் போட்டார். உன் இடது முழங்காலில் ஆபரேஷன் ஆனதிலிருந்து, பந்து உன் பக்கம் வந்தாலே எழுந்து வெளியே போய்விடுகிற மனுஷன். இங்க உட்காரு, பேசாம பாரு என்றார். நீ இறங்கி இரண்டு நிமிஷம் ஆகியிருக்காது, ஒரு நெட்டைப் பெண் உன்னிடமிருந்து பந்தைப் பறித்துக்கொண்டு போய் கோல் கம்பத்தில் அடித்தாள். உங்கள் கேப்டன் இரண்டு கையையும் விரித்துத் திட்டினாள். நான் கையால் கண்ணைப் பொத்திக்கொண்டேன். கையை எடுடி, இப்பதான் பாக்கணும் என்றார். பந்து உங்கள் கோல்கீப்பர் கைக்கு வந்ததும், முதுகுக்குப் பின்னால் எதிரணியில் இரண்டு பேர் நிற்கும்போதே நீ ஓடிப்போய், காலடியைக் காட்டி இங்க குடு என்று கேட்டாய். வாங்கினாய், திரும்பினாய், அந்தக் கோடியில் நின்றவள் காலில் கொண்டுபோய்ச் சேர்த்தாய். அப்பா படத்தை அங்கேயே நிறுத்திவிட்டு, வீட்டுக்கு வரணும்னு நினைக்கிறவ ஓரமா ஒதுங்கி நிப்பா, இவ திட்டு வாங்குன கையோட பந்து கேக்குறா என்றார். இத்தனை மாதமாக நான் உன் முழங்காலையே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன் கண்ணு. உன் முகத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

உடனே கோச் பாங்குக்குப் போன் செய்து, அவகிட்டயே கேளுங்க, நாங்க வான்னு சொல்லமாட்டோம் என்றேன். சிரித்துவிட்டு, அவளைக் கேட்டா என்ன சொல்லுவான்னு தெரிஞ்சுதானே முதல்ல உங்ககிட்ட வந்தேன் என்றார். நல்ல மனுஷன், ஆனாலும் பதிலை நீயே எழுது. நீ வந்தால் எனக்குத் திருவிழாதான், ஆனால் எங்களுக்காக என்று சொல்லிக்கொண்டு மட்டும் வராதே. வருகிற ஏப்ரலில் அப்பாவுக்குப் பத்து நாள் லீவு கிடைத்திருக்கிறது. பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்தோம், முதல் தடவை கண்ணை மூடிவிட்டார். நீ அங்கேயே இருந்தால் நாங்கள் வருகிறோம். பெஞ்சில் உட்கார்ந்திருந்தாலும் பரவாயில்லை, பார்க்கத்தான் வருகிறோம்.

நெத்திலியும் கடற்பாசியும் கிம்ச்சியும் பார்சலில் வருகிறது. கிம்ச்சி டப்பாவை ஜாக்கிரதையாகத் திற, வழியில் புளித்துப் பொங்கியிருக்கும். வெறும் ரொட்டியோடு நாளை ஓட்டாதே, சோறு வடி. கோச் பாங்குக்கு மாசக் கடைசி வரை இழுத்தடிக்காமல் எழுதிவிடு. நோய் நொடி இல்லாமல், மனசு நிறைய ஆடு மகளே.

மொக்போவிலிருந்து,
உன் அம்மா

அப்பா எழுதுகிறேன். நாலு ஆட்டம் பார்த்துவிட்டேன், எல்லாவற்றிலும் வலது பக்கமே திரும்புகிறாய். இடது கால் ஆறிவிட்டது. அந்தப் பக்கமும் திரும்பு.