மல்லாந்து படுக்காதீர்கள்

பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நான் சுகம். அப்பாவுக்கு மூச்சு வாங்குவதுதான் குறையவில்லை. மாடி ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கேட்டால்தானே!

உங்கள் கம்பெனி ஆக்ஸிஜன் மெஷினுக்கு நீ இங்கிலீஷில் எழுதிய கையேட்டைத் தமிழில் பாதி முடித்துவிட்டேன். ஆபீஸ் மெயிலில் கேட்டால் பத்துப் பேர் பார்ப்பார்கள், அதனால் உனக்குத் தனியாக எழுதுகிறேன். 'வடிகட்டியைக் கழுவி ரீப்ளேஸ் செய்யவும்' என்று எழுதியிருக்கிறாயே, கழுவியதையே திரும்பப் போடவா, புதுசு போடவா? புதுசு என்றால் பழசை எதற்கு அக்கா கழுவுவது? அலாரம் 'கோஸ் ஆஃப்' என்றால் அது அடிக்கிறது என்று உனக்குத் தெரியும். பாதி உலகம் அணைந்துவிட்டது என்றுதான் நினைக்கும். பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுகிற மாதிரி எழுதுகிறாய். மூச்சு முட்டும்போது யாரோ ஒருத்தர் எங்கேயோ உட்கார்ந்து படிப்பார் என்று நினைத்து எழுது. சின்ன வரியாக எழுது.

கோபம் வந்தால் போன் பண்ணித் திட்டு.

உன் வாயாடித் தங்கை

மார்ச் 11

வாயாடிக்கு,

கோபம் வந்தது. திரும்பப் படித்தபோது சிரிப்பு வந்துவிட்டது. நீ சொன்னபடியே எல்லாவற்றையும் மாற்றினேன். இந்த முறை எந்த மொழியின் மொழிபெயர்ப்பாளரும் ஒரு சந்தேகம்கூடக் கேட்கவில்லை! மேலாளருக்கு ஆச்சரியம். வெளிநாட்டு வாசகர்களுக்கு எழுதுவது எப்படி என்று ஒரு விதிமுறைப் புத்தகமே எழுதச் சொல்லிவிட்டார். உன் கடிதங்களை மேசை முழுக்கப் பரப்பி வைத்திருக்கிறேன். இன்னும் எங்கெங்கே கால் இடறும் என்று ஒன்றுவிடாமல் எழுதி அனுப்புடி, என் ராசாத்தி. உன் பெயரையும் போடச் சொல்கிறேன்.

அப்பாவை மாடி ஏற விடாதே.

அக்கா

ஜூன் 20

அன்பு அக்கா,

புத்தகம் வந்தது. அச்சு அருமை. அட்டையில் இருந்த உன் பெயரை அப்பா தடவித் தடவிப் பார்த்தார். என் பெயரையும் தேடினேன். கடைசிப் பக்கத்தில் 'பல நாட்டு நண்பர்களுக்கு நன்றி' என்று இருந்தது. சரி, தங்கை நான் நண்பராகிவிட்டேன், போகட்டும்.

ஏப்ரலுக்குப் பிறகு எனக்கு ஒரு பக்கம்கூட வேலை வரவில்லை. கேட்டால் உங்கள் ஆபீஸ் பெண், "மேலிடத்து முடிவுங்க" என்கிறாள். அந்த மேலிடம் யார் அக்கா? உனக்குத் தெரிந்திருக்குமே.

தங்கை

ஜூலை 9

அன்புத் தங்கைக்கு,

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நாங்கள் இவ்வளவு தெளிவாக எழுத ஆரம்பித்த பிறகு கம்ப்யூட்டரே மொழிபெயர்த்துவிடுகிறது. தமிழுக்கு இனி ஆள் தேவையா என்று என்னைத்தான் கேட்டார்கள். சொந்தத் தங்கைக்காகப் பரிந்து பேசினால் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள், சொல்? வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டேன். என் இடத்தில் நீ இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பாய்.

கம்ப்யூட்டர் எழுதியதை மேலோட்டமாகப் பார்த்துக் கொடுக்கிற வேலை ஒன்று இருக்கிறது. கூலி கம்மி. வேண்டுமென்றால் சொல்லி வைக்கிறேன். அப்பாவிடம் இதெல்லாம் சொல்லாதே, மனசு கஷ்டப்படுவார். அவருக்கு எங்கள் கம்பெனியின் புது ஆக்ஸிஜன் மெஷின் அனுப்பியிருக்கிறேன்.

என்றும் உன் அக்கா

ஆகஸ்ட் 2

அக்கா,

மெஷின் வந்தது. சத்தமில்லாமல் ஓடுகிறது.

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு தமிழ்க் கையேட்டை உரக்கப் படித்தார். காற்று வெளியே வரும் துளையைச் சொல்லி 'அவுட்லெட்டை அடைக்காதீர்கள்' என்று நீ எழுதிய இடத்தில் 'விற்பனை நிலையத்தை மூடாதீர்கள்' என்று இருந்தது. அடுத்த வரி, 'மெஷின் ஓடும்போது தட்டையாகப் பொய் சொல்லாதீர்கள்.' மல்லாந்து படுக்காதீர்கள் என்றுதான் நீ எழுதியிருப்பாய்; படுப்பதற்கும் பொய் சொல்வதற்கும் இங்கிலீஷில் 'லை' என்று ஒரே சொல். நான் உனக்கு எழுதி அனுப்பாமல் விட்டது அது ஒன்றுதான் போலிருக்கிறது.

"நான் எப்பம்மா பொய் சொன்னேன்?" என்று அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் என் முகத்தைப் பார்த்தார். "நீ எழுதினதா இது?" என்று கேட்டார். தமிழில் எழுதுவது இன்னும் நான்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நீ சொன்னபடி நான் எதையும் சொல்லவில்லை.

"ஆமாப்பா. அவசரத்துல எழுதிட்டேன்."

"அக்கா அவ்வளவு பாடுபட்டு எழுதுறா. அவ பேரைக் கெடுத்துடாதேம்மா."

அன்று மத்தியானம் மூக்கில் குழாயோடு மல்லாந்து படுத்துவிட்டார். மூச்சு இழுத்துக்கொண்டது. நான் பக்கத்தில் இருந்ததால் தூக்கி உட்காரவைத்தேன். யாரும் பக்கத்தில் இல்லாத வீடுகளும் இருக்கும். உயிருக்கு ஆபத்தான இடங்களை மட்டும் திருத்தி இதோடு வைத்திருக்கிறேன். மற்ற பிரதிகளை உடனே நிறுத்தச் சொல். இதற்குக் கூலி வேண்டாம். அந்தப் பார்த்துக் கொடுக்கிற வேலையும் வேண்டாம். திங்கட்கிழமையிலிருந்து ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் வேலைக்குப் போகிறேன்.

இனி எனக்கு எழுதாதே. வந்தாலும் பிரிக்கமாட்டேன். அப்பாவோடு பேச வேண்டுமானால் அவர் போனிலேயே பேசிக்கொள். உன்னைப் பற்றி அவர் நினைப்பதை நான் மாற்றப்போவதில்லை, பயப்படாதே.

நான் எழுதுவதைப் பார்த்துவிட்டு, "அக்காவுக்கா? அப்பா ரொம்ப விசாரிச்சேன்னு ஒரு வரி போடும்மா" என்றார். போட்டுவிட்டேன்.