இடப்பக்கத் திரை

அக்டோபர் 11, சனி

காலையிலிருந்து மூட்டம். மழை இல்லை. மணவாள நகர் முக்கில் பட்டாசுக் கடைக்குத் தகரம் அடிக்கிறார்கள்.

கும்மிடிப்பூண்டியிலிருந்து சுரேஷ் வந்து மானிட்டரைக் கொடுத்துவிட்டுப் போனான். கம்பெனியில் என் வீட்டுக்காரர் அருளோடு ஒரே செக்‌ஷனில் வேலை பார்த்தவன். அவர் இறந்த பிறகு இந்த மெஷின் வரைபட வேலையை எனக்குப் பேசி வாங்கிக் கொடுத்ததும் அவன்தான். இன்று வாசலோடு சரி.

"இன்னா சுரேஷ், ஊட்டுக்குள்ள வரமாட்டியா?"

"இல்லக்கா, வண்டி நின்னுகினு கீது."

முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

மேனேஜர் சொல்லியிருப்பது: வீட்டிலிருந்தே வரையலாம். ஆனால் ஒரே திரையில் படத்தையும் பொருள் பட்டியலையும் மாற்றி மாற்றிப் பார்த்தால் தாமதம், தப்பு. இரண்டு திரை வேண்டும். தீபாவளி லீவுக்குள் மெஷினில் ஏறுகிற இரும்பு ஏணியின் படம் போய்ச் சேர வேண்டும். சரிவராவிட்டால் கம்பெனிக்கு வந்து உட்கார வேண்டியதுதான்.

அங்கே எப்படி உட்கார்வது? மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் நாற்காலியிலேயே சாய்ந்துபோன அறை. ஒருமுறை மனதைத் திடப்படுத்திக்கொண்டு கம்பெனி பஸ் ஏறினேன். பெரியபாளையத்தில் இறங்கித் திரும்பிவிட்டேன்.

வாங்க: ஹெச்டிஎம்ஐ கேபிள், அத்தைக்கு மூட்டுத் தைலம், ரவை.

அக்டோபர் 12, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து வந்து மேசையை ஒழித்தேன். புழுக்கம்.

வீட்டுக் கம்ப்யூட்டர் அவருடையது. லினக்ஸ். வைரஸ் தொல்லை இல்லை என்று அவரே போட்டது. திறந்தால் இன்னமும் 'அருள்' என்றுதான் காட்டும். மாற்றத் தோன்றவில்லை.

மானிட்டரை வலப்பக்கம் வைத்துக் கேபிளைச் செருகினேன். படம் வந்தது, படுத்துக்கொண்டு. எழுத்தெல்லாம் சுவரில் பல்லி போல மேலேறியது. கழுத்தைச் சாய்த்துப் படித்தேன். மவுஸை வலப்பக்கம் தள்ளினால் அம்பு முட்டி நிற்கிறது. இடப்பக்கம் தள்ளினால் காணாமல் போய், வலப்பக்கத் திரையில் முளைக்கிறது.

செட்டிங்ஸில் டிஸ்ப்ளே பக்கம். இரண்டாவது திரையை இடப்பக்கம் வைத்திருக்கிறது. அதுவும் செங்குத்தாக. நான் ஒன்றையும் தொடவில்லை.

கொரோனா சமயம் அவர் கம்பெனி மானிட்டரை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். இடப்பக்கம், இதே போலச் செங்குத்தாக. நீளமான பட்டியலை உருட்டாமல் படிக்கலாம் என்பார்.

நெட்டில் தேடினேன். ஒருமுறை சேர்த்த மானிட்டரைக் கம்ப்யூட்டர் அடையாளம் வைத்துக்கொள்ளுமாம். அதே மானிட்டர் திரும்பி வந்தால் பழையபடியே நிறுத்துமாம். புதியது என்றால் நேராக, வலப்பக்கம்.

அதே மானிட்டர் திரும்பி வந்தால்.

கருப்புப் பெட்டி. எல்லாம் ஒன்று போல்தான் எனக்கு. கம்ப்யூட்டருக்குத் தெரிந்திருக்கிறது.



அக்டோபர் 13, திங்கள்

சாப்பாட்டு நேரத்தில் சுரேஷுக்குப் போன்.

"அது யாரு மானிட்டரு சுரேஷ்?"

"ஸ்டோர்ல இருந்துதுக்கா."

"அதுக்கு முன்னாடி?"

மெஷின் சத்தத்திலிருந்து தள்ளி வந்தான் போல, குரல் தெளிந்தது.

"அண்ணனுதுதான்க்கா. புதுப் பசங்க எவனும் அதும்முன்னாடி உக்கார மாட்டேன்றானுங்க. ஒரு மாதிரி கீதுன்றானுங்க. செவுத்தப் பாக்கத் திருப்பி வெச்சிருந்தோம். உனுக்கு ஒண்ணு அனுப்பணும்னதும் மேனேஜர் சாரு இத்தயே எடுத்துக் குடுத்துட்டாரு. நான் இன்னாக்கா சொல்றது?"

அவர்கள் பயந்து ஒதுக்கியதை எனக்கு அனுப்பியிருக்கிறார்கள். பயம் எனக்கு இருக்காதா? அல்லது எனக்கென்றால் பரவாயில்லையா?

மாலையில் வைராக்கியமாக உட்கார்ந்தேன். டிஸ்ப்ளே பக்கத்தில் இரண்டாவது திரையை வலப்பக்கம் இழுத்தேன். நேராக்கினேன். 'இந்த மாற்றங்களை வைத்துக்கொள்ளவா?' என்று கேட்டது. பதில் சொல்லாவிட்டால் பழையபடி மாறிவிடும் என்று நொடிகளை எண்ணத் தொடங்கியது. மவுஸில் கை இருந்தது. அழுத்தவில்லை. எண்ணி முடித்துவிட்டு அவர் வைத்திருந்தபடி மாறிக்கொண்டது.

மானிட்டரை அணைத்துவிட்டு ஏணிப் படத்தைத் திறந்தேன். எங்கேயும் காணோம். பிறகு புரிந்தது. அணைந்த திரையில் போய்த் திறந்திருக்கிறது. மின்சாரப் பொத்தானை அணைத்தால் மட்டும் போதாதாம், கேபிளையே பிடுங்கினால்தான் அது இல்லை என்று கம்ப்யூட்டர் ஒப்புக்கொள்ளும். அதுவரை அங்கே ஒரு இடம் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும்.

பிடுங்கவில்லை. துண்டு ஒன்றை எடுத்து மூடினேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

தூறல். துணி காயவில்லை.

நாஷ்டாவுக்கு மாவு கரைத்துவிட்டு வந்தால் அத்தை மேசை முன்னால் நிற்கிறார். துண்டு அவர் கையில். துடைக்கிறேன் என்று பொத்தானையும் அழுத்தி, மவுஸையும் தட்டியிருக்கிறார். திரை வெளிச்சம் முகத்தில்.

"அவன் உக்காந்துகினு கீறா மாதிரியே கீது ஸ்டெல்லா. அந்தாண்ட திரும்பிகினு."

அது அவர் மகனுடைய மானிட்டர் என்று அத்தையிடம் நான் இன்னும் சொல்லவே இல்லை. எப்படித் தெரிந்தது என்று கேட்கவும் தைரியம் இல்லை.

மேனேஜருக்குப் போன் போட்டேன். சுரேஷ் சொல்லிவிட்டான் போல. எடுத்தவுடனே, "வேற மாத்திக் குடுக்கச் சொல்றேம்மா. சென்டிமென்ட்டுன்னு ஒண்ணு இருக்குதில்ல" என்றார்.

"சென்டிமென்ட்டு யாருக்கு சார்?"

மேனேஜர் ஏதோ சொல்ல வருவதற்குள் அடுத்ததைக் கேட்டேன்.

"அவர் சேர் இன்னா ஆச்சு?"

"அதுவும் ஸ்டோர்லதான் கீது."

"யாரும் உக்காரலையா?"

"இல்லம்மா."

"அப்போ அதையும் அனுப்பிடுங்க."

இதை ஏன் சொன்னேன் என்று போனை வைத்த பிறகும் தெரியவில்லை. கோபத்தில் சொன்னதுதான். ஆனால் சொன்ன பிறகு, ஸ்டோரின் இருட்டில், உடைந்த மோட்டாருக்கும் எண்ணெய் டப்பாவுக்கும் நடுவே அது கிடப்பதுதான் கண் முன்னால் வந்தது. குழம்பு அடிப்பிடித்தது.

அக்டோபர் 16, வியாழன்

விடாத மழை. கரண்ட் போய்ப் போய் வருகிறது.

நேற்று மானிட்டரை இடப்பக்கம் தூக்கி வைத்து ஸ்டாண்டிலேயே திருப்பிச் செங்குத்தாக நிறுத்திவிட்டேன். எழுத்து நேரானது. இடது கோடியில் காணாமல் போன அம்பு இப்போது இடது திரைக்கு ஒழுங்காகப் போய் வருகிறது. டிஸ்ப்ளே பக்கத்தில் ஒன்றையும் மாற்றவில்லை. கம்ப்யூட்டர் நினைத்திருந்த இடத்தில் திரையை வைத்தேன், அவ்வளவுதான்.

பட்டியல் முழுவதும் உருட்டாமல் தெரிகிறது. அவர் சொன்னது சரி.

வேலை ஓடுகிறது. ஆனால் இடப்பக்கம் திரும்பும்போதெல்லாம் தோளுக்குப் பின்னால் யாரோ குனிந்து படிப்பது போல. நான் நகர்ந்து இடம் கொடுக்கிறேன். கொடுத்த பிறகுதான் உறைக்கிறது.

சர்ச் அக்கா ஜெபம் செய்ய வருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன்.

அக்டோபர் 17, வெள்ளி

மழை விட்டு வெயில். பக்கத்து வீட்டில் முறுக்கு வாசனை.

பதினோரு மணி போல சுரேஷ் நாற்காலியோடு வந்தான். பிளாஸ்டிக் சுற்றி, டெம்போவில். இன்று உள்ளே வந்தான். அத்தை கொடுத்த டீயைக் குடித்தான். இடப்பக்கம் செங்குத்தாக நின்றிருந்த திரையைப் பார்த்ததும் டம்ளரைக் கீழே வைத்தான்.

கேட்டேவிட்டேன். "அவர் போன அன்னைக்கி அதுல இன்னா தெறந்து இருந்துது?"

"ஒரு கன்வேயர் பெல்ட்டு படம்க்கா. பாதி போட்டிருந்தாரு."

"மீதி?"

"நான்தான் முடிச்சி அனுப்புனேன். படத்துல பேரு அண்ணன் பேருதான் கீது. நான் மாத்தல." டம்ளரை மறுபடி கையில் எடுத்து, "அந்த மெஷினு இப்ப ஓடிகினு கீதுக்கா" என்றான்.

அத்தை சமையலறைக்குள் போய்விட்டார். 

அவன் போன பிறகு பிளாஸ்டிக்கை அறுத்தேன். இருக்கையின் முன்விளிம்பில் துணி தேய்ந்து பளபளப்பு. கைப்பிடியில் பேனாக் கிறுக்கல், இங்க் எழுதுகிறதா என்று பார்த்தது. உட்கார்ந்தேன். அவர் உயரத்துக்கு வைத்தது, கால் தரையில் எட்டவில்லை.

கதவோரம் அத்தை. "எறக்கிக்கோ ஸ்டெல்லா."

பக்கத்துப் பிடியை இழுத்தேன். நாற்காலி நீளமாக மூச்சு விட்டுக்கொண்டு மெல்ல இறங்கியது. அத்தை "மாதாவே" என்று கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். நான் திரும்பவில்லை. ஏணியின் மேல்படிக்கு இன்னும் அளவு போடவில்லை. இடப்பக்கத்தில் பட்டியலைப் பார்த்துப் போட ஆரம்பித்தேன்.