துணைக்கு எழுதியவர்

வியாழன் இரவு.

பல் மருத்துவ மேற்படிப்புக்கான கடைசிச் சுற்று ஒதுக்கீடு இன்று மதியம் வந்தது. எனக்கு இடமில்லை. என் கணவருக்குச் சென்னையில் கிடைத்திருக்கிறது. நான் கேட்ட அதே வாய், முக அறுவைச் சிகிச்சைப் பிரிவு.

கோவில்பட்டியில் ஒரே கிளினிக்கில் பல வருடமாக இருவரும் பல் பார்க்கிறோம். தாடையில் கட்டியோடு வருபவர்களை மதுரைக்கு அனுப்பி அனுப்பி மனம் வெறுத்துத்தான் நான் மூன்றாவது முறையாகப் பரீட்சை எழுதினேன். தனியாகப் படிக்கிறேனே என்று, துணைக்கு அவரும் எழுதினார்.

செய்தி வந்தபோது புதூர்க்காரப் பெண் ஒருத்தி வாயைத் திறந்தபடி நாற்காலியில் இருந்தாள். அவளுக்குப் பல்லைப் பிடுங்கி, பஞ்சு வைத்து அனுப்பினேன்.

கதவைச் சாத்தியதும் அவர் சொன்னார்: "நான் போகலட்டி. நீ இல்லாம எனக்கு எதுக்கு அந்தப் படிப்பு?"

"கிடைச்சத யாராவது விடுவாவளா? போயிட்டு வாங்க. கிளினிக்க நான் பாத்துக்கிடுதேன்."

"நெசமாவா சொல்லுத?"

"நெசமாத்தான்."

இன்னொரு முறை மறுப்பார் என்று காத்திருந்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு முகம் கழுவிவந்து, சென்னைக்கு ரயில் பார்க்க ஆரம்பித்தார். சந்தோஷத்தை என் முன்னால் காட்டிவிடக் கூடாதென்று அவர் பட்ட பாட்டைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.