பேசப் போனேன், கதைத்துவிட்டு வந்தேன்

3 ஜூலை 2023
மழை. தோல் பதனிடும் ஷெட்டின் வாடை சர்ச் ஹால் வரைக்கும். மாலை வகுப்புக்குப் புதிதாக துஷாந்தி. மன்னாரிலிருந்து அம்மாவோடு வந்து, அகதிகள் முகாமில் முப்பது வருஷமாக இருக்கும் மாமா வீட்டில் தங்கியிருக்கிறாள். ஒன்பதாவது. பள்ளியில் பேர் கூப்பிட்டதும், அவர்கள் ஊரில் "ஆமாம்" சொல்கிற மாதிரி, "ஓம் டீச்சர்" என்றாளாம். அன்றிலிருந்து எல்லாருக்கும் அவள் "ஓம் சாமி". சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். ஒடுகத்தூரிலிருந்து வேலூர் ஹாஸ்டலுக்குப் போன புதிதில் "என்ன"வை "இன்னா" என்பேன்; என் பேரே "இன்னா" ஆகிவிட்டது. ஒரே மாதத்தில் அந்தச் சொல்லை விட்டேன். லீவுக்குப் போனபோது அம்மா, "இன்னாடி கண்ணு, டவுன்காரி ஆய்ட்டியா?" என்றாள். இப்போது அப்படிக் கூப்பிட அம்மா இல்லை.

7 ஜூலை
துஷாந்தியிடம் சொன்னேன்: "திங்கக்கிழமை உன்னையும் அம்மாவையும் உக்கார வெச்சுப் பேசணும், சரியா?" தலையை மட்டும் ஆட்டினாள்.

12 ஜூலை
திங்களிலிருந்து துஷாந்தி வகுப்புக்கு வரவில்லை. பள்ளிக்கும் போகவில்லையாம். ஜுரமா?

14 ஜூலை
எச்.எம். போன். "இன்னும் ஒரு வாரம் பாப்பேன் ஜாஸ்மின். அப்புறம் பேரை எடுக்கணும்." எடுத்தால் மறுபடி காகிதம் கேட்பார்கள். கடல் தாண்டி வந்த பிள்ளையிடம் எந்தக் காகிதம் இருக்கு? அவளைச் சேர்க்க ஆயரும் நானும் எத்தனை நடை! பிள்ளையை வீட்டிலேயே வைத்திருக்கும் அந்தம்மாவுக்கு இன்னா கொழுப்பு —

அட. எத்தனை வருஷம் கழித்து "இன்னா" எழுதியிருக்கிறேன்!

16 ஜூலை, ஞாயிறு
ஆராதனை முடிந்து நேரே முகாமுக்கு. துஷாந்தியின் அம்மா வாசலை மறித்து நின்றாள். "என்ர பிள்ளை என்ன பிழை செய்தவள்? ஏன் பேசப் போறியள்?"

"பேசத்தான்மா வந்தேன்" என்றேன். உள்ளே துஷாந்தி ஓவென்று அழுதாள்.

மாமாதான் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "மிஸ், எங்க ஊர்ல பேசுறதுன்னா திட்டுறது. நீங்க வந்தது கதைக்க!"

ஐயோ. அம்மாவையும் மகளையும் உட்கார வைத்துத் திட்டப் போவதாக நானே சொல்லி அனுப்பியிருக்கிறேன். தினமும் ஜெபத்தில் வேறு "கர்த்தாவே, எங்களோடு பேசும்"! வெட்கமாகப் போய்விட்டது. சிரிப்பும் வந்தது. தேத்தண்ணி குடித்தோம். மன்னார்க் கடலைப் பற்றி அந்தம்மாவும் ஒடுகத்தூர் மலையைப் பற்றி நானும் கதைத்துக்கொண்டே இருந்தோம்.

17 ஜூலை
பள்ளிக்குப் போய்விட்டாள். ஸ்தோத்திரம்.

24 ஜூன் 2024
துஷாந்தி பத்தாவது. பேர் கூப்பிட்டால் "இருக்கேன் மிஸ்" என்கிறாள், மற்றவர்கள் மாதிரியே. கேலி நின்று நாளாச்சு. ஆனாலும் அந்த "ஓம்" இல்லாதது எனக்கு என்னவோ போல இருக்கிறது.

இன்று முகாமுக்குப் புதிதாக வந்த ஒரு சின்னப் பெண், தூண் ஓரமாக நின்றாள். "இங்க வாம்மா, உன்கிட்ட பேச —" என்று ஆரம்பித்தேன். துஷாந்தி என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"பயப்பிடாதை. மிஸ் பேச மாட்டா. கதைக்கத்தான் கூப்பிடுறா" என்றாள் அவளிடம். அப்புறம் என்னைப் பார்த்தாள். "என்ன மிஸ்?"

"ஓம்" என்றேன்.