பெட்டியைக் கழற்றிய பிறகு

என்னங்க, எங்கிருந்தாலும் என்னைத் திட்டும் உரிமையுள்ளவரே,

நீங்கள் போய் மூன்று வருடம் ஆகிறது. நினைவு நாளில் நல்ல சேதி எழுதத்தான் ஆசை. இந்த முறை என்னிடம் இருப்பது வெட்கம் மட்டும்தான். தில்லி மயூர் விஹாரில் நம் தமிழ் ஜனங்கள் படிக்கிற ஆண்டு மலரிலேயே எழுதுகிறேன். நான் பெருமையடித்ததைக் கேட்டவர்கள் இதையும் கேட்கட்டும்.

பேத்தி நித்யா சொந்தச் சம்பளத்தில் கார் வாங்கினாள். அவளுக்கு முன்னால் நான் ஏறி உட்கார்ந்து, கீழ்வீட்டு அம்மாளுக்குக் கை காட்டினேன். ஒரு நாள் நொய்டா போகும் வழியில் அந்த வீட்டுக் கார் எங்களை முந்திப் போனது. "என்னடி, நம்மது என்ன மாட்டு வண்டியா?" என்று நான்தான் உசுப்பேற்றிவிட்டேன்.

அடுத்த வாரமே வெளிக்கடை ஒன்றில் எஞ்சினுக்கு ஒரு சின்னப் பெட்டி மாட்டிக்கொண்டு வந்தாள். வேகம் கூட்டுகிற பெட்டி.

"கம்பெனிக்குத் தெரிஞ்சா வாரண்டி போயிடும் பாட்டி."

"யாருக்குடி தெரியப்போவுது? ஓட்டு."

நாலே மாதத்தில் டர்போ போய்விட்டது. எஞ்சினுக்குக் காற்றை அழுத்தி ஊட்டுகிற பாகமாம் அது. நித்யா பெட்டியைக் கழற்றி வீட்டில் ஒளித்துவைத்தாள். பிறகு சர்வீஸ் சென்டருக்குப் போனோம். அங்கிருந்த பிள்ளை, வெளியே ஏதாவது மாட்டினீர்களா என்று இந்தியில் கேட்டான். நித்யா திணறினாள். நான் முந்திக்கொண்டேன். என் வீட்டுக்காரர் அமைச்சகத்தில் முப்பது வருடம் வண்டி ஓட்டியவர், ஹாரனைக்கூட மாற்றாதவர், எங்கள் வீட்டில் பொய் கிடையாது மகனே என்று இந்தியில் அடித்துச் சொன்னேன். உடனே அவள் பக்கம் திரும்பித் தமிழில், "பெட்டியப் பத்தி மூச்சு விடாத. அதான் கழட்டியாச்சே" என்றேன்.

அவன் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நீங்க கழட்டிட்டீங்க பாட்டி. எஞ்சின் எவ்வளவு அழுத்தத்துல ஓடுச்சுன்னு எல்லாம் இதுல பதிவாகியிருக்கே" என்றான். தமிழில்தான்.

இத்தனை வருடம் தில்லியில் ரகசியம் பேசத் தமிழே போதும் என்று இருந்துவிட்டேனே.

அவன் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். பொறுமையாகச் சொன்னான்: "சீட் கவர் மாட்டினா ஒண்ணுமில்ல பாட்டி. இது எஞ்சின் மேலயே கைவெச்சது. டர்போவும் எஞ்சினும் இனி வாரண்டியில வராது. பிரேக், ஏசிக்கெல்லாம் அப்படியே இருக்கு." பிறகு சிரித்துக்கொண்டே, "எங்கப்பாவும் மினிஸ்ட்ரி டிரைவர்தான். தாத்தா பேரு என்ன?" என்றான்.

நான் வாய் திறக்கவில்லை. புருஷன் பெயரைச் சொல்லாத பழைய மனுஷி என்று நினைத்திருப்பான். உண்மையில் உங்களை வைத்துப் பொய் சொன்ன வெட்கம்தான் வாயை அடைத்தது. அப்படியே நினைக்கட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அது இரண்டாவது பொய், இல்லையா?

வண்டியை அங்கேயே விட்டுவிட்டு ஆட்டோவில் திரும்பும்போது நித்யா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "தாத்தாவ ஏன் பாட்டி இதுல இழுத்தே?" அவளுக்கு என்ன பதில் சொல்வது? நீங்களாவது சொல்லுங்களேன்.

வியாழக்கிழமை வண்டியை எடுக்கப் போகிறோம். அவள் வேண்டாம் என்றாலும் நானும் போவேன். அந்தப் பிள்ளையின் முன்னால் நின்று, வண்டிக்காகப் பொய் சொன்னவள் நான், அவரில்லை என்று சொல்லுவேன். அதன் பிறகு, நாற்பத்தெட்டு வருடமாக என் வாயில் வராத உங்கள் பெயரைச் சொல்லுவேன். அவன் மறுபடி கேட்காவிட்டாலும் சொல்லுவேன்.

உங்கள் மனைவி,
நித்யாவின் பாட்டி,
சரோஜா