பிரெஞ்சில் யாராவது அழைத்தால்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் நோ குறைந்ததா? நாங்கள் மூவரும் சுகம். போனில் சொன்னால் பதறுவீர்கள் என்றுதான் மின்னஞ்சலில் எழுதுகிறேன்.

குழந்தைக் காப்பகங்களின் பதிவுகளை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும் கனெக்டர் ஒன்றை வேலையில் எழுதினேன். ஒருமுறை எழுதினால் எல்லாக் காப்பகங்களுக்கும் அதுவே போதும். சோதித்துப் பார்க்க இல்லாத பிள்ளை ஒன்றைப் பதிந்து, அவசரத் தொடர்புக்கு உங்கள் இலக்கத்தைப் போட்டேன். வேறு இலக்கம் நினைவுக்கு வரவில்லை. பிறகு அழிக்க மறந்து, அது ஐந்து காப்பகங்களுக்குப் போய்விட்டது.

"என்ன பிள்ளை, அம்மாவை மொன்றியல் முழுக்க வேலைக்கு வைச்சிட்டீரோ?" என்று கூட வேலை செய்யும் கஜீவன் அண்ணை சிரிக்கிறார். நான்கில் அழித்துவிட்டேன். ஐந்தாவதில் திங்கட்கிழமைதான் அழிக்க முடியும். அதுவரை யாராவது பிரெஞ்சில் அழைத்தால் பயப்படாதீர்கள். உங்கள் பேத்தி ஆர்த்திகாவுக்கு ஒன்றுமில்லை.

ஆனால் அவளுடைய காப்பகப் படிவத்தில், எங்கள் இருவரையும் தவிர இந்த ஊரில் ஒருவரின் இலக்கம் கேட்கிறார்கள். வெள்ளிக்குள் கொடுக்காவிட்டால் இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும். இங்கே பியர்பொன்ட்ஸ் பக்கம் இருக்கும் வதனி அன்ரியிடம் நீங்களே கேட்டுப் பாருங்கள், எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அவ யோசித்தால், ஒருநாளும் அழைக்க வேண்டி வராது என்று சொல்லுங்கள்.

பிள்ளை எழும்பிவிட்டாள், நிறுத்துகிறேன்.

மகள்
தக்ஷினி