போய்த் திரும்பும் தூரம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சௌக்கியமா? இங்கே அம்மா சௌக்கியம். நான் அவள் தயவில் சௌக்கியம்.

எனக்கு விமானம் ஆகாது என்று டாக்டர் சொன்னதும், "பேசாம வீட்டுலயே இருங்கப்பா, பாப்பா கொஞ்சம் வளரட்டும், நாங்களே வர்றோம்" என்றாய். நான் தலையாட்டிவிட்டேன். உன் அம்மா தலையாட்டவில்லை. அடுத்த வாரம் பழைய வேன் ஒன்று வாசலில் நின்றது. தரை வழியாகப் போகக் கூடாதென்று டாக்டர் சொல்லவில்லையே என்றாள்.

கட்டில், அடுப்பு, விளக்கு எல்லாம் வேனுக்குள் வந்துவிட்டன. ஆனால் நான் தூங்கும்போது மூச்சு மிஷின் ஓடியாக வேண்டும். அது பாதியில் நின்றால் என் கதையும் பாதியில் நிற்கும். கூப்பிட்ட எலக்ட்ரீஷியனோ, வீட்டு ஒயரிங்தான் தெரியும் என்று நழுவிவிட்டார். பிறகென்ன, இத்தனை வருஷம் தையல் ஊசி பிடித்த உன் அம்மாவின் கை ஒயரைப் பிடித்தது. தையல் மேசையில் பட்டன் டப்பா இருந்த இடத்தில் இப்போது ஃபியூஸ் டப்பா.

லாரி ஓட்டிய நான் சும்மா இருப்பேனா? பெரிய ஃபியூஸாகப் போட்டுவிடு, அடிக்கடி போகாது என்று யோசனை சொன்னேன். அவள் முறைத்ததில் எனக்கே ஃபியூஸ் போய்விட்டது. "ஃபியூஸ் மிஷினுக்குக் காவல் இல்லீங்க, ஒயருக்குக் காவல். ஒயர் தாங்குறதுக்கு மேல போட்டா ஃபியூஸ் போகாம நிக்கும், ஒயர் சூடாகி வண்டி எரியும்" என்றாள். எங்கே கற்றாளோ, தெரியவில்லை.

ஞாயிறு மதியம் வெள்ளோட்டம். மாஸ்க்கை மாட்டிக்கொண்டு பின்னால் கட்டிலில் படுத்தேன். காற்றைச் சூடாக்கும் பகுதி ஓட ஆரம்பித்ததும் மிஷின் கீச்சென்று கத்திவிட்டு நின்றது. நான் மாஸ்க்கைக் கழற்றிவிட்டு எழுந்து உட்கார்ந்தேன். அவள் பதறவில்லை. முன்சீட்டுக்கு அடியில் இருந்த பேட்டரியில் சார்ஜ் முழுதாக இருந்தது, ஃபியூஸும் போகவில்லை. கட்டில் பக்கம் மீட்டரை வைத்தால் மட்டும் வோல்டேஜ் குறைந்தது. மெல்லிய ஒயரில் நெடுந்தூரம் ஓடினால் கரண்ட் வழியிலேயே களைத்துவிடுமாம். இஞ்ச் டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தவள் தன்னையே பார்த்துச் சிரித்தாள். "துணிய அளக்குற மாதிரி ஒரு பக்கம் மட்டும் அளந்துட்டேன். கரண்டு போனா மட்டும் போதுமா, திரும்பி வரணும்ல? ரெண்டு தூரத்தையும் சேத்துல்ல ஒயர் வாங்கியிருக்கணும்" என்றாள்.

தடித்த ஒயர் வந்தது. பழையதைப் பிரித்துப் புதிதாக இழுத்தாள். பேட்டரியை ஒட்டினாற்போல் ஃபியூஸை வைத்தாள். மறுநாள் மதியம் நான் நிம்மதியாகத் தூங்கி எழுந்தபோது, சூடு ஏறுகிறதா என்று ஒயர்மேல் கை வைத்தபடியே காலடியில் உட்கார்ந்திருந்தாள். இவளோடுதானா இத்தனை காலம் குடித்தனம் நடத்தினேன் என்று மலைப்பாக இருந்தது. இன்னும் இருக்கிறது.

உன்னிடம் மட்டும் சொல்கிறேன். பேத்தி முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும் என்று நானும் ஒரு பக்கம்தான் அளந்து வைத்திருந்தேன். உன் அம்மா திரும்பி வரும் வழிக்கும் சேர்த்து மாற்று ஃபியூஸ் எடுத்து வைக்கிறாள். அவள் அளவு இனித் தப்பாது.

அதனால் வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதே, கண்ணு. உன் வாசலில் வேன் நிற்க இடம் இருக்கட்டும். குழந்தை நீண்ட ஆயுளோடு இருக்கட்டும். எனக்கும் கொஞ்சம் வேண்டிக்கொள்.

அம்மாவை நம்பிப் புறப்படும்,
உன் அப்பா